கட்டுத்தறிச் சுவரில் பெய்ஜிங்

எங்கள் வீட்டுக்குச் சீனா போகிற யோகம் மாட்டுத் தீவன மூட்டையில் வந்தது. மீனாட்சிபுரத்தில் அப்பா தீவனக் கடை வைத்திருந்தார். அந்த வருஷம் அதிகம் விற்ற கடைக்காரர்களை மனைவியோடு சீனாவுக்குக் கூட்டிப் போவதாகக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்து அப்பா திட்டிவிட்டு வைத்துவிட்டார். அவர்கள் நல்லவர்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள்.

பயணத்தில் முக்கால்வாசி தொழிற்சாலையும் கண்காட்சியும்தான். கடைசியில் பெய்ஜிங்கில் இரண்டு நாள் மட்டும் அவரவர் இஷ்டம். அந்த இரண்டு நாளில் எங்கெங்கே போவது என்று முடிவு செய்கிற பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. போனில் எதையும் தேடி எடுக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மாடு கட்டுகிற கட்டுத்தறியின் சுண்ணாம்புச் சுவரில் கரிக்கட்டையால் பெய்ஜிங்கை வரைந்தேன். நடுவில் அரண்மனை அருங்காட்சியகம். தெற்கே, விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்று ராஜாக்கள் கும்பிட்ட வட்டக் கோயில். வடமேற்கே ஏரியும் தோட்டமும். அதற்கும் அப்பால் ராஜாக்களைப் புதைத்த சமாதிகள். அம்மா பால் கறந்துகொண்டே பார்க்கட்டும் என்றுதான் அந்தச் சுவரைப் பிடித்தேன்.

ஆனால் அம்மா போவதே சந்தேகமாக இருந்தது. காரணம் எங்கள் சிந்து மாடு. அம்மா கை பட்டால்தான் அது பால் விடும். வேறு யார் உட்கார்ந்தாலும் ஒரே உதை. வாளி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொண்டு மாடே கெட்டுவிடும்.

"மாட்ட உட்டுப்போட்டு நான் எங்கீங்க வாரது? நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று அப்பாவிடம் அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பார்க்காத சீனா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அப்போதுதான் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவர். பழனியைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. யாரையாவது நாலு குறை சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"நான் கறக்கறன். உன்ற நைட்டிய எடு புள்ளெ" என்றார் அம்மாவிடம்.

மாடு ஆளைப் பார்க்காது, துணியின் வாடையைத்தான் பார்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவசரத்துக்கு ஆம்பளைகள்கூடப் பெண்டாட்டி சேலையைச் சுற்றிக்கொண்டு கறந்திருக்கிறார்கள். ஆனால் அத்தை நைட்டி போட்ட பெண்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். அவர் அம்மாவின் துவைக்காத பூப்போட்ட நைட்டியில், தோளில் துண்டோடு கட்டுத்தறிக்குள் நுழைந்ததும், அப்பா வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டார். அங்கிருந்து வெகுநேரம் இருமல் சத்தம் கேட்டது. மாட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. உதைத்தது. மறுநாளும் உதைத்தது. அத்தையும் விடவில்லை.

மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணெதிரே என் சுவர். அதனால் அத்தையின் பார்வை என் திட்டத்தின் மேல் விழுந்தது.

"இதென்ன அம்மிணி, காலைல கோயிலு, மத்தியானம் தோட்டம்? கோயிலுக்குப் போனா நேரா ஊட்டுக்கு வரோணும். நடுவுல வேற பக்கம் போனா கும்பிட்ட பலன் அங்கயே போயிரும்."

சரியென்று கோயிலைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன். அடுத்து, இது என்ன என்று சமாதியைக் காட்டிக் கேட்டார்.

"ராஜாவப் பொதச்ச எடமுங்க அத்தை. உள்ள எறங்கிப் பாக்கலாமுங்க."

"எழவூட்டுக்குப் போறதுக்கா ஏரோப்ளேன் ஏறறாங்க? அங்க போனா தலைக்குத் தண்ணி ஊத்தாம கோயில்ல கால் வெக்கக் கூடாது, ஆமா."

சமாதியிலிருந்து அறைக்கு வந்து குளித்து, பிறகு கோயிலுக்குப் போவதற்குள் அங்கே நடை சாத்திவிடுவார்கள். நாட்களை மாற்றிப் போடலாம் என்றால், இரண்டில் ஒன்று திங்கட்கிழமை, அன்றைக்கு அருங்காட்சியகம் திறக்காது. தீட்டுக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் அழித்து அழித்து எழுதினேன். சுவர் முழுக்கக் கரி. சமாதி மேல் ஆசை வைத்திருந்தது அப்பாதான்.

"எந்தக் காலத்துலயோ செத்தவனுக்கு இப்ப என்னக்கா தீட்டு?" என்று கேட்டுப் பார்த்தார்.

"அதெப்படிறா தம்பி? செத்தவன் செத்தவன்தான்" என்று தொடங்கிய அத்தை அப்பாவைப் பிடி பிடியென்று பிடித்தார். சண்டை சூடாக இருந்தபோது அம்மா திடீரென்று கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார். வாளியில் சர் சர்ரென்று பால் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் அப்பாவிடம் இருக்க, அத்தையின் கை அதன் பாட்டுக்குக் கறந்துகொண்டிருந்தது. மாடு கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"நிறுத்தாதீங்க நங்கை, அப்படியே பேசிட்டே இருங்க" என்றார் அம்மா. அத்தையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பேசு என்று அத்தைக்கு யாராவது சொல்லவும் வேண்டுமா! அம்மா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், உடனே சிரித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பிறகு தினமும் கறவை நேரத்தில் அத்தைக்குப் பேச விஷயம் கொடுப்பது என் வேலையாயிற்று. போனைப் பார்த்து நான் சீனாவை வாசிப்பேன். அத்தை ஒவ்வொன்றாகக் குறை சொல்வார். வாளி நிறையும். சமாதி மட்டும் கடைசிவரை தேறவில்லை.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். நம் வாட்ஸ்அப் அங்கே வேலை செய்யாது என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நல்லபடியாகச் சேர்ந்தோம் என்று பக்கத்து வீட்டுக்கு ஒரு போன், அதோடு சரி. என்னைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட அத்தை, கறக்க உட்கார்ந்ததும் கேட்பார்.

"அம்மிணி, இன்னேரம் எங்க இருப்பாங்க?"

அவர்கள் தொழிற்சாலையில் இருக்கிற நாளிலும் நான் சுவரைப் பார்த்தே சொல்வேன். "தோட்டத்துலங்க. ஏரிக்கரையில கல்லுக் கப்பல் பக்கமா நடந்துட்டிருப்பாங்க."

"அப்பறம்?"

போன் அப்பாவோடு போய்விட்டதால் வாசித்தது நினைவிருந்த வரைக்கும் சொன்னேன். தீர்ந்த இடத்தில் நானே கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். கோயில் நேரம் என்று சொன்னால் அத்தை கை கழுவிக்கொண்டு வந்து சுவரைப் பார்த்துக் கும்பிடுவார். கும்பிட்ட பிறகு வாசல் தாண்ட மாட்டார். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற வேலை என் தலையில் விழும். வேலைக்குச் சோம்பல் என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே பால் தூக்கை எடுத்துப் போவேன்.

அப்பாவும் அம்மாவும் விசிறியும் தேயிலையுமாகத் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால், என் திட்டத்தின் வரிசைப்படி ஒன்றுகூட நடக்கவில்லை. கூட்டிப்போன வழிகாட்டி தன் இஷ்டத்துக்குக் காலையிலேயே கோயில், அங்கிருந்து நேராகச் சமாதி, அப்புறம் கடைத்தெரு என்று சுற்றிக்காட்டியிருக்கிறார். அடுத்த நாள் அருங்காட்சியகம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டதால் தோட்டமே இல்லை. சமாதிப் படங்களை அப்பா ஒளித்து ஒளித்து எனக்குக் காட்டினார். அத்தை ஒரு பிடி பிடிக்கப் போகிறார் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

அத்தை திட்டவே இல்லை. "அப்ப அந்தக் கல்லுக் கப்பலப் பாக்கலையா?" என்றார்.

"எந்தக் கப்பலுங்க நங்கை?"

அத்தை அம்மாவை நெருங்கி உட்கார்ந்துகொண்டார். "ஏரியோரமா நிக்குது புள்ளெ. கல்லுல பண்ணுனது, எங்கயும் போகாது. அதுக்குப் போற வழியெல்லாம் நீட்ட மண்டபம், உத்தரம் பூராவும் படம். வெயிலே உழுகாது. கால் வலிச்சா அங்கங்க உக்காந்துக்கலாம்."

அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போனவர் ஒருவர், கதை சொல்கிறவர் வேறொருவரா?

"நீங்கதான் அங்க போகவே இல்லையேங்க அத்தை!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "அதானே!" என்று அத்தையும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஏரிக்காற்று சாயங்காலமானால் கொஞ்சம் குளிரும் என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து சீனாவுக்குப் போய் வந்தது இரண்டு பேர் என்றுதான் நான் ரொம்ப நாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.