மாமா வயலில் நீலக் கயிறு

கப்பலில் சாமான் கட்டுகிற நீல நைலான் கயிறு அது. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையில் அறுந்த துண்டுகள் எப்போதும் கிடக்கும். மாமா அதில் ஒரு சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "இந்தா மருமகளே, உன் பாடத்துக்கு வேலி" என்று எங்கள் லம்பா லைன் வீட்டு வாசலில் போட்டார். போன மாதம் அந்தக் கயிற்றை மறுபடியும் பார்த்தேன். நீலம் வெளுத்துப்போய், கடலோரச் சேற்றில் வளரும் ஒரு கண்டல் மரத்தின் பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. நான் அதை மூங்கில் குச்சிகளில்தான் கட்டினேன், மரத்தில் கட்டவில்லை. கட்டிய நாளில் அந்த இடத்தில் மரமே கிடையாது, அது மாமாவின் நெல் வயல்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தீவுக்குத் தீவு ஓடும் படகில் இன்ஜின் பார்க்கிற வேலை. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். ஊரில் சொந்தமென்று சொல்ல ஒரு சாண் நிலம் இல்லாதவர், இங்கே சிப்பிகாட்டில் ஒரு வங்காளிக் குடும்பத்திடம் சிறு வயல் ஒன்றை வாங்கிப் போட்டார். படகிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் வயலுக்குப் போவார். "என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா அந்த வரப்பையே கட்டியிருக்கலாம்" என்று அத்தை சொல்வாள். அவர் மறுக்கமாட்டார்.

சுனாமி வந்த காலையில் அலை வந்தது, போனது. எங்கள் குடும்பத்தில் உயிர்ச்சேதம் இல்லை, அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் நிலநடுக்கத்தில் எங்கள் பக்கத்துத் தரையே கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கடல் ஓடை வழியாக வந்து வயலில் நின்றது, வற்றத்தில் உப்பை விட்டுவிட்டுப் போனது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் மனசை விட்டுவிட்டார்கள். மாமா விடவில்லை. அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. படகில் வடக்கே போகிறவர் அவர். அங்கே அதே நிலநடுக்கத்தில் தரை மேலே ஏறியிருந்தது. கடலுக்குள் கிடந்த பவளப்பாறை வெயிலில் காய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். "அங்கிட்டு ஏறியிருக்குல்ல? இங்கிட்டு மட்டும் ஏறாமயா போயிரும்" என்பார். இறங்கின பூமி என்றைக்காவது ஏறும், ஏறும்போது வயல் வயலாக இருக்கவேண்டும். அதற்காக ஞாயிறுதோறும் வற்றம் பார்த்துச் சேற்றில் இறங்கி, கடல் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போகும் கண்டல் நாற்றுகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தார். முருங்கைக்காய் நீளத்துக்குப் பச்சையாக மிதந்து வந்து, சேற்றில் குத்தி நின்று, உச்சியில் இரண்டு இலை விடும் செடி. 'கடல் முருங்கை' என்று திட்டுவார்.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம், மெயின்லேண்டிலிருந்து தொலைவழியாக உயர்நிலைச் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கலாம் என்று எங்கள் பள்ளியில் அறிவிப்பு வந்தது. இங்கே அந்தப் பாடம் நடத்த ஆள் இல்லை. அதில் நன்றாகச் செய்தால் அங்கே கல்லூரியில் இடம் கிடைப்பது சுலபம் என்றார்கள். எனக்குத் தீவை விட்டுப் போனால் போதும் என்றிருந்த வயசு. நாங்கள் சில பேர் சேர்ந்தோம். வாரத்துக்கு ஒரு நாள் கம்ப்யூட்டர் அறையில் சாட்டிலைட் வழியாக வகுப்பு. மழை பெய்தால், அங்கிருந்து பாடம் நடத்தும் மேடத்தின் முகம் திரையில் கட்டம் கட்டமாக உடையும். குரல் வரும், முகம் வராது. முகம் வந்தால் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். பாடக் குறிப்புகள் கப்பல் தபாலில் வந்துசேரும்போது தேர்வு முடிந்திருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தாமதம்தான். அவர் கேட்கும் கேள்வி எங்களுக்கு வந்து, எங்கள் பதில் அவருக்குப் போவதற்குள் "யாருக்குமே தெரியவில்லையா?" என்று சலித்துக்கொள்வார். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மேடத்தின் குரல் கேள்விபோல மேலே ஏறத் தொடங்கியதுமே "எஸ் மேடம்" என்று அனுப்பிவிடுவது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்தமான் பிள்ளைகள் சுறுசுறுப்பு என்று எங்களுக்குப் பெயர்கூடக் கிடைத்தது.

அந்தப் பாடத்தில் பாதி மதிப்பெண் கள ஆய்வுக்கு. அழிந்த நிலத்தில் செடிகொடிகள் தாமாகத் திரும்புவதை நீண்ட நாள் பார்த்து எழுதவேண்டும். ஓடைப் பக்கம் போனால் முதலை இருக்கும் என்று அம்மா விடமாட்டாள். மாமாவின் வயல் சாலையை ஒட்டியது, மாமாவும் கூட இருப்பார். நாற்றுகளை எண்ணிக் குறித்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனால் ஒன்றுகூட இல்லை. மேடத்திடம் சொன்னபோது, யாரோ நிலத்தைத் தொந்தரவு செய்கிறார்கள், இப்படியே போனால் ஆய்வு செல்லாது என்றார். அந்த 'யாரோ' என் மாமாதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். மாமா கேட்டார், சொன்னேன். ஒரு மூலையை மட்டும் விட்டுவையுங்கள் மாமா என்றேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"டீக் ஹை. கடல் முருங்கைக்கு ஒரு மூலைய வாடகைக்கு விட்டதா இருக்கட்டும்" என்றார்.

மறுநாள்தான் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டார். வேலி எல்லாம் வேண்டாம், அடையாளம் போதும் என்றேன். மூங்கில் குச்சிகளை அவரே சீவிக் கொடுத்தார். நான் மூலையில் ஊன்றிக் கயிற்றைச் சுற்றினேன். அந்த ஞாயிறு மாமா கயிற்றுக்கு வெளியே மட்டும் பிடுங்கினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்றை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பிடுங்கினார், பக்கத்து வீட்டுப் பிள்ளை குறும்பு செய்வதைக் கண்டும் கண்டிக்க முடியாதவர்போல.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஜங்லிகாட்டில் ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, படம் மேலே ஏறுவதற்குள் டீ குடித்து, மின்சாரம் போய், வந்து, எப்படியோ அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்து மேடத்துக்கு ஒரே சந்தோஷம். இன்னும் பெரிய பரப்பு இருந்தால் இன்னும் நல்லது என்றார். மாமாவிடம் கேட்டேன், பாதி வயல்வரை கயிற்றை நகர்த்தினேன். அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் நகர்த்தினேன். இந்த முறை கேட்கவில்லை. அவர் வடக்கே படகில் போயிருந்தார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தவர் கடைசி வரப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடேங்கப்பா, இம்புட்டுப் பெரிய பாடமா" என்று சிரித்தார். பிறகு செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லாததால் சாலையோரம் போய் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஒரு நாள் வகுப்பில் என் படங்களைத் திரையில் போட்டு மேடம் எல்லோருக்கும் காட்டினார். மெயின்லேண்ட் பள்ளிப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். குரல் மேலே ஏறியது, பழக்கத்தில் நான் "எஸ் மேடம்" அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் கேள்வி முழுசாக வந்துசேர்ந்தது. இது எல்லோரும் கைவிட்ட நிலம்தானே, யாருக்கும் உபயோகம் இல்லாததுதானே என்று கேட்டிருக்கிறார். என் பதில் அவருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் முகம் மலர்ந்தது. மனிதன் விட்ட இடத்தை இயற்கை எடுத்துக்கொள்கிறது என்று அழகாக ஒரு வாக்கியம் சொன்னார், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இல்லை மேடம், என் மாமா அதைக் கைவிடவில்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அந்த வாக்கியம் எனக்கும் பிடித்திருந்தது. நானும் எழுதிக்கொண்டேன். என் ஆய்வின் தலைப்பிலேயே 'கைவிடப்பட்ட வயல்' என்று போட்டேன்.

பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்தது. கல்லூரியில் இடமும் கிடைத்தது. கப்பலேற்ற வந்த மாமா பையில் காய்ந்த மீனைத் திணித்து, ஹாஸ்டலில் நாறும் என்று நான் சொன்னதற்கு, நாறட்டும், அப்போதுதான் எங்களை மறக்கமாட்டாய் என்றார். கப்பல் கிளம்பிய சந்தோஷத்தில் எனக்கு எதுவுமே நினைவில்லை. சொல்லவேண்டியது ஒரே ஒரு வரிதான். பாடம் முடிந்துவிட்டது மாமா, இனிமேல் பிடுங்கிக்கொள்ளுங்கள். அதை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக ஃபோனில் பேசினோம். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன்னால் மாமா ஒன்று கேட்பார். "உன் டிவி மேடம் சௌக்கியமா?" நான் சிரிப்பேன். அவருடன் தொடர்பே விட்டுப்போயிற்று என்று சொல்லக்கூடச் சோம்பல். ம், நன்றாக இருக்கிறார் மாமா என்பேன். சரி, சரி என்று வைத்துவிடுவார். மாமாவுக்கு மேடத்தின் மேல் என்ன இவ்வளவு அக்கறை என்று அறைத் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பூமி ஏறவில்லை. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சிப்பிகாட்டில் கரை போட்டு மதகு வைத்துக் கடல்நீரைத் தடுத்து, முடிந்தவரை வயலை மீட்டுத் தருவதாகப் பேச்சு வந்தது. அளக்க வந்தார்கள். மாமா விடுப்புப் போட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு நடந்தாராம். அத்தைதான் ஃபோனில் சொன்னாள். அளவுக்கோடு நேராக வந்து, நம் வயலுக்கு வந்ததும் வளைந்து போய்விட்டதாம். கண்டல் நிற்கும் இடத்தைத் தொடக்கூடாது என்று சட்டம். வந்தவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், நான் படித்த படிப்பு அது. பக்கத்து வயல் நாங்கள் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் வங்காளியுடையது, மாடு மேய்ந்து வெட்டவெளியாகக் கிடந்தது, கரைக்கு உள்ளே போயிற்று. மாமா என்ன சொன்னார் என்று அத்தையிடம் கேட்டேன்.

"என்னத்தச் சொல்லுவாரு. 'சோடோ, விட்டுத்தள்ளு, புள்ள படிச்ச எடம்'னாரு. ரெண்டு நாளாச் சாப்புடல."

போன மாதம் வேலை நிமித்தமாகப் போர்ட் பிளேர் போனேன். மாமா இப்போது ஓய்வுபெற்று ஜங்லிகாட்டில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். மொட்டை மாடியில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளில் மண் போட்டு மிளகாயும் வெண்டையும் வளர்க்கிறார். வயலைப் பார்க்கவேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்காமல் சட்டையை மாட்டினார். ஆட்டோவில் போனோம். மதகுக்கு அந்தப் பக்கம் தாதாவின் வயலில் கீரைப் பாத்திகள். இந்தப் பக்கம் காடு. நல்ல காடு, அதையும் சொல்லவேண்டும். நண்டும் கொக்குமாக உயிரோடு இருந்தது. வேறு யாருடைய நிலமாக இருந்தாலும் படம் எடுத்துச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அங்கேதான் அந்தக் கயிற்றைப் பார்த்தேன். மரத்துக்கு மரம், கடைசி வரப்பு இருந்த இடம்வரைக்கும் போயிருந்தது. மூங்கிலில்தானே கட்டினேன் என்றேன்.

"மூங்கி மக்கிப் போச்சு. கயிறு சேத்துல விழுந்தா உன் மேடத்துக்கு எல்லை தெரியாதுல்ல? அதான் செடியிலயே கட்டிவிட்டேன்" என்றார் மாமா. அதன் பிறகு, பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்த குரலில், "ஃபோன்ல கேட்டா நல்லா இருக்காங்கன்னுதான் சொல்லுவ. பாடம் முடிஞ்சிருச்சுன்னு நீ சொல்லவே இல்லயே" என்றார்.

அவர் மேடத்தின் நலத்தை விசாரிக்கவில்லை. பிடுங்கட்டுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அத்தனை ஃபோனிலும் அதைத்தான் கேட்டிருக்கிறார். எனக்குக் கேள்வி வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குள் நான் பழையபடியே பதிலை அனுப்பி முடித்திருந்தேன்.

"முடிஞ்சிருச்சு மாமா" என்றேன்.

மாமா தலையை ஆட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரச் சேற்றில் இறங்கினார். மரத்தடியில் புதிதாகக் குத்தி நின்ற ஒரு நாற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வேரோடு வந்ததைத் தூரமாக எறிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், இன்னொன்றைத் தேடிப் போனார். கண்டல் நாற்றைப் பிடுங்கக்கூடாது. அதை நாலு பேருக்கு எடுத்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தேன். வற்றம் முடிந்து தண்ணீர் கணுக்காலுக்கு வரும்வரை இரண்டு பேரும் பிடுங்கினோம். கிளம்பும்போது கயிற்றையும் அவிழ்த்துவிடலாம் என்று போனேன். அது மரத்தை விட்டு வரவில்லை.