வலது கன்னத்தில் கரி

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, இப்போதும் கிடையாது, கோயிலுக்குப் போவதே புளியோதரைக்காகத்தான். ஆனால் இது நடந்தது, நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டாலும் சரி.

2004 வாக்கில் நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு மாடியில் நான், என் கணவன் ரவி, இரண்டு வயது தாரா மூவரும் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் ஸ்டான் அங்கிள், போலந்துக்காரர், தனி ஆள், அங்கே ரயில் ஓட்டியவர். அவர் ஓட்டியது இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வருஷத்தில் பயணிகளுக்காகக் கட்டிய நீராவி இன்ஜின், ஓ.எல்.49 என்று பெயர், இரண்டு பக்கமும் காதுமாதிரித் தகடு வைத்திருக்கும். கூடத்தில் அதன் போட்டோ மேலே, செத்துப்போன மனைவி போட்டோ அதற்குக் கீழே. மாடிப்படி ஓரம் தொங்கும் அவருடைய பழைய கோட்டில் அத்தனை வருஷம் கழித்தும் கரியும் எண்ணெயும் கலந்த வாசனை அடிக்கும். தாராவை மடியில் வைத்துக்கொண்டு அந்த இன்ஜின்மாதிரி புஸ்புஸ் என்று மூச்சுவிட்டுக் காட்டுவார், அது விழுந்து விழுந்து சிரிக்கும்.

வந்த புதிதில், குழந்தையின் இடது கன்னத்தில் நான் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டைக் கரி என்று நினைத்து மனுஷர் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். யார் கண்ணும் படாமலிருக்க என்று ரவி விளக்கினான். அவருக்கு ஒரே சிரிப்பு. “இந்த மையெல்லாம் குளிச்சா போயிடும். இன்ஜின் கரி கிடைச்சா நான் வெச்சு விடறேன், ஒரு வாரத்துக்குப் போகாது” என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் போய்விட்டார். சொந்தத் தாத்தாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. வெளியூரில் இருந்த அவர் மகள் வந்து கோட்டையும் போட்டோவையும் எடுத்துப் போனாள், கீழ்வீடு பூட்டிக் கிடந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி கொட்டுகிறது, மதியம் சாப்பிட்டு மூவரும் படுத்துவிட்டோம். திடீரென்று கரிப்புகை நெடி, எண்ணெயோடு கலந்து, அந்தக் கோட்டின் வாசனையேதான், நெஞ்சை அடைக்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து, தாராவை அள்ளிக்கொண்டு, ரவியை உதைத்து எழுப்பி, செருப்புகூட இல்லாமல் பனியில் போய் நின்றோம்.

தீயணைப்பு வண்டி வந்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை. ஹீட்டர் புகை வெளியே போகும் குழாயைப் பனி அடைத்து, விஷவாயு வீடு முழுக்க நிறைந்திருந்ததாம். அதற்கு வாசனையே கிடையாது, இன்னும் கொஞ்சநேரம் தூங்கியிருந்தால் மூன்று பேரும் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்றார்கள். புகைக்கும் இந்த வாயுவுக்கும் சேர்த்து மாட்டிய அலாரம் எங்கே என்று கேட்டார்கள். மிளகாய் தாளித்தாலே அது அலறுகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைத்திருந்த புத்திசாலிகள் நாங்கள்.

அப்போதுதான் ரவி கேட்டான்: “ஏய், பொட்டை ஏன் இந்தப் பக்கம் வெச்சே?”

பார்த்தேன். இடது கன்னத்தில் நான் வைத்த மையைக் காணோம், யாரோ துடைத்தெடுத்தமாதிரி. வலது கன்னத்தில் பெரிய கட்டைவிரல் அகலத்துக்குக் கரி.

வாயு தலைக்கேறினால் இல்லாத வாசனையெல்லாம் வரும் என்கிறான் ரவி. வாசனைக்குச் சரி. சோப்பு, எண்ணெய் எதற்கும் அசையாமல் அந்தக் கரி ஒரு வாரம் இருந்ததே? அந்த வாரம் முழுக்க நான் மை வைக்கவில்லை.

இன்றைக்கும் தாராவின் வலது கன்னத்தைத் தொட்டால், என் விரலைத் திருப்பிப் பார்க்கிறேன்.