மேலே உள்ள படத்தில் காண்க

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இருந்த காலத்தில் நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் பி.ஏ. படித்தேன். வகுப்பில் பெண்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். நெய்யூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்களுக்குத் தமிழ் நடத்திய விரிவுரையாளருக்கு ஊரில் பெரிய பெயர். எந்தப் பள்ளி ஆண்டுவிழாவிலும் அவருக்கு ஒரு மாலை உண்டு. மாலை இல்லாத நாளிலும் அதைச் சுமப்பவர் போலத்தான் நடப்பார்.

முதல் ஆண்டில், நம் பகுதியின் கல்வேலை பற்றி எழுதிவரச் சொன்னார். நான் இரண்டு விடுமுறை நாட்களில் மயிலாடிக்குப் போய்ச் சிலை செதுக்குகிறவர்களிடம் பேசினேன். நூலகத்தில் நான்கு புத்தகங்கள் படித்தேன். பிறர் எழுதிய வரியை எடுத்த இடத்தில் மேற்கோள் குறி போட்டு, அடியில் ஆசிரியர், நூல், பக்கம் மூன்றையும் எழுதினேன். கல்தச்சர் ஒருவர் சொன்னதை, அவர் சொன்னதாகவே எழுதினேன். இப்படிச் செய்ய யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நல்ல புத்தகங்களில் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளைப் பார்த்து, இதுதான் மரியாதை என்று நானாகத் தெரிந்துகொண்டேன்.

கட்டுரை திரும்பி வந்தபோது என் மேற்கோள் குறி ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம். வகுப்பின் நடுவே என்னை எழுப்பி நிறுத்தினார்.

"இது என்ன பிள்ளே, பக்கத்துக்குப் பக்கம் கொக்கி? கொக்கிய எல்லாம் கழத்தினா ஒனக்க சொந்தச் சரக்கு என்ன மிஞ்சும்?"

வகுப்பே சிரித்தது. அடுத்து, மிகச் சிறந்தது என்று சொல்லி முதல் பெஞ்சு மாணவன் ஒருவனின் கட்டுரையை உரக்க வாசித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் படித்த நான்கில் ஒன்றிலிருந்து, காற்புள்ளியைக்கூட மாற்றாமல் அவன் இரண்டு பக்கம் இறக்கியிருந்தான். அதே பகுதியிலிருந்து நான்கு வரி, மேற்கோள் குறியோடு, என் கட்டுரையிலும் இருந்தது. எனக்குச் சிவப்பு வட்டம், அவனுக்கு "நல்ல சொந்த நடை" என்ற பாராட்டு. மணி அடித்த பிறகு அவரிடம் போய் இதைச் சொன்னேன். அவன் படித்து உள்வாங்கி எழுதியிருக்கிறான், நீ பார்த்து எழுதியிருக்கிறாய் என்று விளக்கம் சொன்னார். கட்டுரை எழுதுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால், கல்லூரி மலரில் வட்டக்கோட்டையைப் பற்றித் தாம் எழுதியதைப் படிக்கச் சொன்னார்.

பயபக்தியோடு மூன்று தடவை படித்தேன். நடுவில் ஒரு வரி: "மேலே உள்ள படத்தில் கிழக்குச் சுவரைக் காண்க." மேலே விடுதிச் செயலாளரின் ஆண்டறிக்கைதான் இருந்தது. மலர் முழுவதும் புரட்டியும் சுவர் கிடைக்கவில்லை. அவரிடமே கேட்டேன். அச்சகத்துக்காரனுக்கு மூளை இல்லை என்றார். நான் நம்பினேன். எனக்கும் மூளை அவ்வளவுதான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து நூலகத்தில் கோட்டைகளைப் பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அங்கே இருந்த உதவியாளர் மேல்தட்டிலிருந்து தடிப் புத்தகம் ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். "இத ஆரும் எடுக்கதில்ல மக்கா" என்றார். உண்மைதான், அச்சகத்திலிருந்து வந்தபடியே தாள்களின் ஓரம் வெட்டிப் பிரிக்கப்படாமல் ஒட்டிக்கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் ஏழெட்டுத் தாள்கள் வாசிப்பதற்காகக் கத்தியால் கச்சிதமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அங்கே வட்டக்கோட்டையின் படம். படத்துக்குக் கீழே எங்கள் விரிவுரையாளரின் கட்டுரை, அவர் பிறப்பதற்கு முன்பே அச்சாகி இருந்தது. "கொளுத்தும் வெயிலில் நானே சுவரை அளந்தேன்" என்ற வரியைக்கூட அவர் விடவில்லை. குடை இல்லாமல் கல்லூரி முற்றத்தைக் கடக்காத மனிதர்.

அடுத்த கட்டுரை பழைய கட்டடங்களைப் பற்றியது. சுவரை அளந்த அந்தப் பத்தியை மேற்கோள் குறிக்குள் முழுதாகக் கொடுத்தேன். அடியில் அந்த ஆசிரியர், நூல், பக்கம். அதற்கும் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இப்பகுதி நம் கல்லூரி மலரிலும், படம் இல்லாமல், வெளிவந்துள்ளது."

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். மற்ற ஆசிரியர்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பொஸ்தகம் எங்க கிடச்சு?"

"நம்ம லைப்ரரியிலதான் சார்."

"வேற ஆருட்டயாவது காட்டினியா?"

இல்லை என்றேன். கட்டுரையை நீட்டினார். ஒரு சிவப்புக் கோடும் இல்லை, வகுப்பிலேயே அதிக மதிப்பெண். மறுநாள் நூலகத்துக்குப் போனேன். புத்தகத்தை சார் எடுத்துப் போயிருப்பதாக உதவியாளர் சொன்னார். நான் கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை அது திரும்பி வரவில்லை.

முதல்வரிடம் போயிருக்கலாம். போகவில்லை. விரிவுரையாளர் கையெழுத்துப் போட்ட நற்சான்றிதழ் எனக்கு வேலைக்கு வேண்டியிருந்தது. அதன்பின் எதை எழுதிக் கொடுத்தாலும் அதே மதிப்பெண் வந்தது. சோதித்துப் பார்க்க ஒருமுறை, பஸ்ஸில் வரும்போதே கிறுக்கியதைக் கொடுத்தேன். அதற்கும் அதேதான். அவர் வாசிப்பதையே நிறுத்தியிருந்தார். நானும் மெனக்கெட்டு எழுதுவதை நிறுத்தினேன்.

கடைசி ஆண்டில் தமிழுக்கான முதல் பரிசு எனக்கு வந்தது. மேடையில் அவர்தான் கொடுத்தார். அவரை இளக்காரமாக எழுத இன்று எனக்குக் கை கூசவில்லை. ஆனால் அன்று நன்றாகக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டித்தான் அதை வாங்கினேன்.