இனிக்குதே சாரின் நாக்கு

காலை ஆறேகாலுக்கு நாத்தனார் போன் செய்தாள். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் அவள்தான் துணைக்கு இருந்தாள். "அண்ணி, அண்ணன் போயிட்டார்" என்றாள். விடிவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டதாம். எனக்குச் சொல்ல வாய் வராமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாளாம்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. கணவர் இறந்த செய்தி கேட்டு எவளாவது வெட்கப்படுவாளா? அவரோடு முப்பது வருடம் வாழ்ந்தவளுக்கு அது வரும். அந்த வீட்டில் வெட்கம்தான் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட மூன்றாவது ஆள்.

பழப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் முலாம்பழப் பிரிவு அவருடையது. விஞ்ஞானி என்று பெயர். பார்த்தது என்னவோ கல்யாணத் தரகர் வேலை. விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கி, பெண் பூவின் நடுவில் தடவுவார். வேறு மகரந்தம் ஒட்டாமலிருக்கக் காகித உறை மாட்டி, காம்பில் சீட்டு கட்டிவிட்டு வருவார்.

வயல்களில் அப்போது வாடல் நோய். காய் பிடித்த கொடி ஒரே வாரத்தில் துவண்டு படுத்துவிடும். நாம் பயிரிடும் முலாமுக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. காட்டு முலாமுக்கு இருந்தது. அதன் காய் எலுமிச்சை அளவுதான், வாயில் வைக்க முடியாத கசப்பு.

"ஒரு காலத்துல எல்லா முலாமும் இப்படித்தான் இருந்திருக்கும். யாரோ ஒருத்தர் தின்னு பார்த்து, இது பரவாயில்லையேன்னு ஒரு கொடியோட விதையை மட்டும் எடுத்து வச்சிருப்பார். அப்புறம் இன்னொருத்தர். காட்டுக்காயைப் பழமாக்கினது நாக்குதான்" என்பார்.

அப்படி இனிப்பையும் பருமனையும் பார்த்தே விதை எடுத்ததில் வலு வழியில் எங்கோ விட்டுப்போயிற்று. அதைக் காட்டுச் சொந்தத்திடம் போய்த் திரும்பக் கேட்பதுதான் அவருடைய வேலை. நோயைத் தாங்கும் மரபணுவுக்கு அடுத்த வாசலிலேயே கசப்பு மரபணுவும் குடியிருந்தது. ஒன்றைக் கூப்பிட்டால் மற்றதும் வந்தது.

"பொண்ணு எடுக்கப் போனா மச்சானும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கூடவே வந்துடுறான். எப்பவாவது ஒரு தடவைதான் அவன் பஸ்ஸைத் தவற விடுவான். அந்த ஒரு தடவைக்குத்தான் இத்தனை கொடி."

எங்களுக்குக் கல்யாணமான மறுவருடம் மச்சான் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டதாக நினைத்து ஒரு பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அத்தை ஒரு துண்டு தின்றுவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார். நாத்தனார் தோல்வரை சுரண்டினாள். நான் வாயில் வைத்ததும் ஓடிப்போய்த் துப்பினேன்.

"கசக்குது."

"எங்க எல்லாருக்கும் தேனா இருக்கு, உனக்கு மட்டும் கசக்குதா? வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து சாப்பிடு" என்றார் அத்தை.

"அண்ணிக்குப் பழம் கசக்கலம்மா, நம்ம வீடுதான் கசக்குது" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "விடுங்க, அவளுக்கு முலாம் பிடிக்காது" என்று எனக்காகப் பரிந்து வேறு பேசினார்.

நிலையத்தில் சர்க்கரையை அளக்கக் கருவி இருந்தது. அதில் அந்தப் பழம் நல்ல எண் காட்டியது. கசப்பை அளக்க நாக்குதான். இரண்டு உதவியாளர்கள் தின்று பார்த்தார்கள். "ஐயாவுக்கு இனிச்சா எங்களுக்கும் இனிக்குது சார்" என்று கையெழுத்துப் போட்டார்கள். மேலதிகாரிக்குச் சர்க்கரை வியாதி.

புது ரகத்தை அறிமுகப்படுத்தும் நாளில் பந்தல் போட்டு விவசாயிகளை வரவழைத்தார்கள். நானும் முன்வரிசையில் இருந்தேன். தட்டுத் தட்டாகத் துண்டுகள் போயின. முதலில் ஒருவர் எழுந்து பந்தலுக்கு வெளியே போனார். பின்னால் இன்னொருவர். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையில் துப்பி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயா, இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடணுமா, பின்னாடியா? மருந்துன்னு சொல்லவே இல்லையே!"

பந்தலே குலுங்கியது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேடையிலேயே ஒரு துண்டை எடுத்து, அவசரமில்லாமல் மென்று விழுங்கினார். ஒலிபெருக்கி திறந்திருந்தது.

"இனிக்குதே!"

அன்றிலிருந்து அந்த நிலையத்தில் அவர் பெயர் இனிக்குதே சார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுதான் உண்மையான பெயர் என்று நினைத்து ஒருமுறை கடித உறையின்மேல் எழுதியும் அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை காட்டுக்காயைப் பிழிந்து நீர் கலந்து மூன்று டம்ளர்களில் ஊற்றி வைத்தார். நாலாவதில் வெறும் தண்ணீர். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அத்தை எல்லாமே தண்ணீர் என்றார். நாத்தனாரும் அதையே சொன்னாள். அவரும் குடித்தார். நான் மூன்றைத் தொட்டதும் துப்பினேன், ஒன்றை முழுதும் குடித்தேன். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் அப்படித்தான்.

அந்தக் குடும்பத்துக்கே அந்தக் கசப்பு தெரியாது. கண்ணின் நிறம்போல அதுவும் தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. பல தலைமுறை நாக்குகள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பழத்தை, கசப்பே தெரியாத ஒரு நாக்கை நம்பித் திரும்பக் காட்டுக்கே அனுப்பியிருக்கிறார்.

"உன்னைப் போய் நாங்க எல்லாரும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தார். டம்ளர்களை அவரே கழுவினார். அதன்பின் பல நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று ஆனதில் எனக்குள் எழுந்த மகிழ்ச்சி அவர் குழாயடியில் குனிந்து நின்றதைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று.

மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு விதைக் கிடங்குக்குப் போனார். விருந்துகளுக்குப் போவதை நிறுத்தினார். போக வேண்டியிருந்தாலும் யார் எதிரிலும் சாப்பிடமாட்டார். வீட்டில் நான் ஒரு வாய் எடுக்கும்வரை காத்திருப்பார். "சரியா இருக்கா?" என்பார். தயிருக்கும் அதே கேள்வி. வெறும் சோற்றுக்கும் அதே கேள்வி.

ஓய்வு பெற்றதும், நிலையம் வேண்டாமென்று ஒதுக்கிய விதையில் ஒரு பையைக் கேட்டு வாங்கிவந்து கொல்லையில் ஊன்றினார். நோய் பிடித்த மண்ணைக் கொண்டுவந்து கலந்தார். வாடியது வாடட்டும், பிழைத்தது காய்க்கட்டும். காய்த்ததை நான் தின்று பார்க்க வேண்டும். அதைக் கேட்பதற்கு அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. தட்டை நீட்டியபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான், "கொஞ்சம் வாயில வச்சுப் பாரேன்" என்றார்.

அவர் பார்க்க விரும்பியது ஒரே ஒரு பழம். நோயையும் தாங்க வேண்டும், கசக்கவும் கூடாது. ரகம், பெயர் எதுவும் வேண்டாம். அன்று பந்தலில் தின்றவர்களின் நாக்கு ஒப்புக்கொள்ளும் ஒரு பழம்.

ஒரு பழத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கசப்பு போகும்வரை நான் காத்திருக்க வேண்டும். "எப்படி?" என்பார்.

"அத்தை பேச்சு மாதிரி."

"அவ்வளவு மோசமா?" என்று சிரிப்பார். அந்தக் கொல்லையில் மட்டும் சிரிப்பார். இப்படியே ஆறேழு வருடம் போனது.

போன வாரம் நெஞ்சு வலி என்று சேர்த்தோம். கடைசி நாள் மாலை படுக்கையிலிருந்தபடியே, மூலையில் இருக்கும் கொடியின் பழம் பழுத்துக் காம்பு விட்டிருக்கும், போய்ப் பார் என்று என்னை விரட்டினார். போனேன். அறுத்தேன். வாயில் வைத்தேன். கசப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உடனே போன் செய்தேன்.

"கசக்கலைங்க. நிஜமாவே இனிக்குது."

"ஆஸ்பத்திரில கிடக்கறவன்கிட்ட யாரு கசக்குதுன்னு சொல்லுவாங்க?" என்றார்.

"பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?"

"பொய் இல்லம்மா. எனக்காக இனிக்கணும்னு நினைச்சுத் தின்னிருப்ப. அப்படி நினைச்சா இனிக்கும். எனக்கு நடந்தது அதுதானே? வெளியாளுக்குக் கொடு. பக்கத்து வீட்டு கண்டக்டருக்குக் கொடு. நம்ம கொடி சுவரேறுதுன்னு என்னைத் திட்ட காரணம் தேடுறவன். அவன் பொய் சொல்ல மாட்டான்."

கண்டக்டர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், காலையில்தான் வருவார் என்றார்கள். பாதிப் பழத்தை அவருக்கென்று எடுத்துவைத்தேன். காலையில் கண்டக்டர் வருவதற்கு முன்னால் நாத்தனாரின் போன் வந்துவிட்டது.

அவளிடம், கடைசியாக ஏதாவது கேட்டாரா என்றேன். "கண்டக்டர் வந்தாரா, கண்டக்டர் வந்தாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தார் அண்ணி. பஸ்ல போற நினைப்புல பிதற்றுறார்னு நினைச்சு, வந்துட்டார் அண்ணே, டிக்கெட் எடுத்தாச்சுன்னு சொன்னேன்."

கண்டக்டர் அன்று பகலில் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "சண்டை போட இனி எனக்கு யாரும்மா இருக்கா?" என்று அழுதார். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். தட்டைக் கையில் எடுத்தேன். அழுதுகொண்டிருக்கும் மனிதரிடம் போய், இதைத் தின்று இனிக்கிறதா சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? இன்னொன்றும் இருந்தது. துக்க வீட்டில் அவர் கசக்கிறது என்று சொல்லமாட்டார். அவர் நாக்கும் இனி பொய் சொல்லும். என் நாக்கு மட்டும் அன்று உண்மையைச் சொன்னது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

தட்டைத் திரும்ப உள்ளே வைத்தேன். பாதிப் பழம் மூடியபடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு இன்னும் கொடுக்கவில்லை.