திருப்பிக் கொடுத்த காம்பரா

யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே ஜீவராணி தனியாக இருக்கிறாள். பிரவுசரில் வீடியோ ஓட்டும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தேடுவதுதான் அவள் பிழைப்பு.

அன்று ஒன்று அகப்பட்டது. வீடியோ முடிந்ததும் மென்பொருள் தன் நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பிறகும் அது தன்னுடையதென்றே நினைத்து அங்கே போகிறது. இடையில் திருடன் எவனாவது அங்கே குடியேறியிருந்தால், அவன் சொன்னபடிதான் ஆடும்.

"குடுத்த எடத்துக்கு எதுக்குடா மறுபடி போற, மூதேவி?" என்று திரையைத் திட்டிக்கொண்டே, அதைச் செய்த நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பினாள். நிறுவனம் இரண்டு வரியில் நன்றி சொன்னது.

சந்தோஷத்தைச் சொல்ல ஆள் வேண்டுமே. பேக்கரியில் நாலு பணிஸ் வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் பஸ் ஏறி, தான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் இறங்கினாள். லயத்தின் வரிசை வீடுகளில் மூன்றாவதான ஓரறைக் காம்பராவின் கதவைத் தள்ளினாள்.

"யம்மா, தேத்தண்ணி ஊத்து!"

அடுப்படியில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணொருத்தி திடுக்கிட்டுத் திரும்பினாள். "யாருங்க நீங்க?"

அம்மா செத்து நாலு மாதம். தோட்ட ஆபீசில் காம்பராச் சாவியைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டதே ஜீவராணிதான்.

அவள் முகத்தைப் பார்த்த அந்தப் பெண் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

"சீனி எவ்வளவுங்க போடட்டும்?"

அம்மாவுக்கு அளவு தெரியும். அந்தக் காம்பராவில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை.