எண் அழிந்த எஞ்சின்

மண்ணெண்ணெயில் நனைந்த துணி எஞ்சினின் பக்கவாட்டுக் கசடைத் துடைத்தது. எண் இருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள்.

உஜோங் பாசிர் கரையில் அரிசி கடத்திய படகோடு ஜப்பானியரிடம் சிக்கியது அது; படகில் பொருத்தியிருந்த கார் எஞ்சின். படகுக்காரர்கள் தப்பிவிட்டார்கள். எஞ்சின் யாருடைய காரில் இருந்தது என்று தெரிந்தால் அவர் தலை போகும்.

அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் காஜா பேராங் பட்டறைக்காரர் சோலைமுத்துவிடம் கொடுத்திருந்தார்கள். அவர் நான்கு சிலிண்டர்களையும் அளந்தார். பத்துக் குதிரை ஆஸ்டின். அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். மூன்றாவது பேரிங் மூடியில் லாரி போல்ட் ஒன்று கடைந்து பொருத்தப்பட்டிருந்தது. அவர் கைவேலைதான். ஒரே ஒரு காருக்குத்தான் அப்படிச் செய்திருந்தார். ஜாலான் துக்காங் எமாஸ் தெரு அடைக்கப்பன் செட்டியாரின் கார். செட்டியார் விற்றாரா, யாராவது திருடினார்களா என்று ஜப்பானியர் கேட்கப்போவதில்லை.

போல்ட்டை மாற்றிவிட்டுத் தொட்டியை மூடினார்.

மொழிபெயர்ப்பாளர் தேவசகாயம் தாளோடு வந்தார். "என்னாண்ணே, ரெண்டு நாளா மோந்து பாக்குறீங்க. எஞ்சின் யாரு காடியோடது? பேரு இல்லன்னா ஒங்களையே ஏத்திட்டு வரச் சொல்லியிருக்கான் ஜப்பான்காரன்."

"எழுதிக்க. வீரபத்திரன். டாக்சி ஓட்டுன காடி."

பென்சில் நின்றது. "ஒங்க தம்பியா? அவரு சயாமுக்கு ரயில் போடப் போனவராச்சே. பிடிச்சுக் கொல்லுவான்ணே."

"போன மாசமே செத்துட்டான். அங்கேருந்து தப்பி வந்தவன் சொன்னான். அம்மாவுக்கு இன்னும் சொல்லல."

தேவசகாயம் எழுதினார். சோலைமுத்து கையைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.