சுத்தம் செய்த ஜன்னல்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன், பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் ஓடெல் காஸ்கின்ஸின் பிழைப்பு. ஈயத் தூசி வாய்க்குள் போனால் சின்னக் குழந்தைகளின் மூளையையே அரித்துவிடும். கருவியை வைத்தால் ஈயத்தின் அளவு எண்ணாக வரும். அதைச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு மேல் தன் கையில் ஒன்றுமில்லை என்ற கோபம் அவருக்கு என்றைக்கும் ஆறியதில்லை.

வீட்டைப் புதுப்பிக்க அவரை வரச் சொல்லியிருந்த ஷனீஸின் வாசலில் பளிங்குப் படி அன்று பளபளத்தது. சின்னப் பையனை இடுப்பில் வைத்தபடி அவள் கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னல் சட்டங்கள் வெறும் மரமாக நின்றன.

"பெயின்ட் எங்கேம்மா?"

"செதில் செதிலா உரிஞ்சு கெடந்துச்சு, மிஸ்டர் ஓடெல். நீங்க பார்த்தா என்ன நினைப்பீங்க? எங்கம்மா என்னை அப்படியா வளர்த்தாங்க? நேத்து முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

"நான் வர்ற வரைக்கும் கை வைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!"

"வேலையைத்தானே ஆரம்பிக்காதேன்னீங்க? இது என்ன வேலை? ஆள் வர்றாங்கன்னா வீட்டைக் கூட்டுறதில்லையா?"

மூலையில் மிஞ்சியிருந்த பெயின்டில் கருவியை வைத்தார். எண் எகிறியது.

"நீ தேய்க்கும்போது பையன் எங்கே இருந்தான்?"

"எங்கே போவான்? என் பக்கத்துலயேதான். அந்தத் தூசியில கோடு கிழிச்சு விளையாடினான். ஒரு அழுகை இல்லை, தங்கம்!"

எண்ணைச் சொல்ல ஓடெல் வாயெடுத்தார். அவள் இடுப்பிலிருந்த பிள்ளை விரல் சூப்பிக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தது.